புது மணி ஆகாது

மணியின் சொல்படி பார்த்தால் கிருத்திக்குக்குத் தட்டம்மை வரவே கூடாது. மணியைக் கேட்டுக்கொண்டா அம்மை வருகிறது? திங்கட்கிழமை மத்தியானம், காப்பகத்தில் பிள்ளைகளுக்குப் பருப்பு சாதம் ஊட்டுகிற நேரத்தில் பையனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கண் சிவந்து நீர் கொட்டியது. காதுக்குப் பின்னால் கிளம்பிய சிவப்புத் தடிப்பு முகத்தைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. ஆயாம்மா பதறிப்போய்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டார்.

உமாராணி ஓடி வந்தாள். புதுக்கரை வாரியக் குடியிருப்புக்கு அவள்தான் செவிலியர். பதினான்கு பிளாக், ஒவ்வொன்றும் பதினெட்டு மாடி, நகரத்தின் பல மூலைகளிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து குடிவைத்த ஜனம். பத்தொன்பது வருஷமாக அங்கே பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறவள். தட்டம்மையைக் கண்ணால் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டதால் முதலில் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. பையனின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். கன்னத்தின் உட்புறம் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். சந்தேகமே இல்லை.

"இவன் எத்தனை நாளா இங்க வர்றான்?"

"ரெண்டு வாரமா வரலை மேடம். ஏதோ கல்யாணம்னு ஊருக்குப் போயிருந்தாங்க. இன்னைக்குக் காலையிலதான் ஊர்லேர்ந்து வந்திறங்கினாங்க, ஒன்பது மணிக்கு இங்க விட்டாங்க," என்றார் ஆயாம்மா.

வயிற்றிலும் தடிப்பு இருக்கிறதா என்று பார்க்க உமாராணி சட்டையைத் தூக்கினாள். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு. அதில் கோத்திருந்த மணி தங்க நிறத்தில் மின்னியது. பதினான்கு மாதக் குழந்தைக்குத் தங்க மணியா?

மணியைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன் வந்த திட்டம் அது. கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்து அரைஞாணில் கோத்துக் கட்டச் சொல்வார்கள். குழந்தையின் உடம்புச் சூட்டில் அது உயிரோடு இருக்கும். ஊசி போட்டதும் செவிலியர் தன் கருவியால் ஒரு தொடு தொட்டால் எழுதிக்கொள்ளும். ஊசியெல்லாம் வேளைக்குப் போட்டிருந்தால் பச்சை. இந்த வாரம் போட வேண்டும் என்றால் மஞ்சள். தேதி தாண்டினால் சிவப்பு. ஐந்து வயதில் கடைசி ஊசி போட்டதும் தங்கம். தங்கமானால் அப்புறம் நிறம் மாறாது, அந்தப் பிள்ளையின் ஃபைல் முடிந்தது.

நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது? ஆனால் சிவப்பு மணிக்குக் காப்பகக் கதவு திறக்காது என்று ஒரு விதி வைத்தார்கள். ஊசி நாளான புதன்கிழமை லீவு கிடைக்காமல் ஊசியை ஒரு வாரம் தள்ளிப்போட்ட வேலைக்காரப் பெண்ணுக்குச் 'சிவப்பு வீடு' என்று பெயர் விழுந்தது. அவள் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். பயமோ, வெட்கமோ, அக்கறையோ, புதுக்கரையில் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. நகரத்திலேயே முதல் இடம். வருகிற புதன்கிழமை விழா எடுத்து உமாராணிக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள், அதற்குப் பந்தல்கூடப் போட ஆரம்பித்தாயிற்று.

கூரியர் கிடங்கில் வேலை பார்க்கும் கிருத்திக்கின் அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"இது யாரோட மணி?" என்று கேட்டாள் உமாராணி.

"எங்க நாத்தனார் பையன் லோகேஷோடது மேடம். ஏழு வயசாவுது, இன்னி வரைக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. அவ்ளோ ராசியான மணி. கேட்டு வாங்கிக் கட்டினேன்."

"இவனுக்குன்னு ஆஸ்பத்திரியில குடுத்தாங்களே, அந்தப் புது மணி?"

"அது அஞ்சறைப் பெட்டியில பத்திரமா இருக்கு. பிறந்த புள்ளைக்குப் புதுசு போடுவாங்களா மேடம்?"

போட மாட்டார்கள்தான். நல்லபடியாக வளர்ந்த பிள்ளை போட்டுக் கழற்றிய பழைய சட்டையைத்தான் பிறந்த குழந்தைக்கு முதலில் போடுவது. புதுசு ஆகாது. ஊருக்கே தெரிந்த சங்கதி, மணியைச் செய்த இன்ஜினியர்களைத் தவிர. உமாராணிக்குத் தெரியாதா? தெரிந்தது மட்டுமா! எட்டு மாதத்துக்கு முன் தம்பி மகளுக்குப் பேர் வைத்த அன்று, அத்தை முறைக்கு அரைஞாண் கட்டியவள் அவள்தான். தன் கடைக்குட்டி கழற்றிப்போட்ட தங்க மணியை அதில் கோத்துக் கட்டி, "தங்க மணி கட்டின குழந்தைக்கு ஒண்ணும் வராதுடி" என்று கூடியிருந்த பெண்களிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னவளும் அவள்தான். நர்ஸே சொன்னால் ஜனம் கேட்காமலா இருக்கும்?

கிருத்திக்கை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டுக் காப்பகத்தைப் பூட்டச் சொன்னாள். நேரே ஈ பிளாக் ஆறாவது மாடிக்கு, தம்பி வீட்டுக்கு ஓடினாள். தம்பி மனைவி கௌசல்யா அப்போதுதான் காப்பகத்திலிருந்து குழந்தையைத் தூக்கி வந்திருந்தாள். ஒன்பது மாத இதழினி, பன் மாதிரிக் கன்னமும் தொடையுமாக, அத்தையைக் கண்டதும் பொக்கைவாய் திறந்து சிரித்தது. இடுப்பில் தங்க மணி.

"கௌசி, இவளுக்கு ஊசியெல்லாம் எங்க போட்டே?"

"எங்க போட்டேனா? அம்மா வீட்டுல அஞ்சு மாசம் இருந்தேன்ல, அங்க தூக்கிட்டுத்தான் போனேன். அந்த நர்ஸு மணியைத் தொட்டுப் பாத்துட்டு, 'எல்லாம் முடிஞ்சிருச்சே, எதுக்கு வந்தீங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன் அண்ணி?"

உமாராணி சொன்னாள். கௌசல்யா கேட்டுக்கொண்டே போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் புது மணியை எடுத்தாள். அது ஒளியில்லாமல், வெறும் கண்ணாடிக் குண்டாகக் கிடந்தது.

"நீங்கதானே அண்ணி கட்டினீங்க? நர்ஸு நீங்களே கட்டும்போது நான் என்னத்தைக் கேள்வி கேக்கறது?" அவள் குரல் உடைந்தது. "என் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சு, ஜென்மத்துக்கும் உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

உமாராணி படியிறங்கிப் பந்தலுக்கு ஓடினாள். இதழினி மட்டுமா? இந்தப் பதினான்கு பிளாக்கில் இன்னும் எத்தனை இடுப்பில் எத்தனை பழைய மணியோ?

பந்தலில் பிரசன்னா பெரிய திரை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தான். மணித் திட்ட அலுவலகத்து இன்ஜினியர், முப்பது முப்பத்திரண்டு வயது. விழாவில் 'சிவப்பு: 0' என்று காட்டுவதற்காக வந்தவன்.

"சார், கழட்டி வெச்ச மணி என்ன ஆகும்?"

"உடம்புச் சூடு இல்லேன்னா தூங்கிடும் மேடம்."

"தூங்கினாலும் தேதி தாண்டினா சிவப்பு காட்டுமில்ல?"

"தூங்குறது எப்படிக் காட்டும்? ஒரு மாசம் தூங்கினா மெஷின் அதை 'வெளியூர்'னு எழுதிக்கும். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போறவங்க நிறைய இல்லையா, அதுக்காக நாங்களே யோசிச்சு வெச்சது."

"புதுக்கரையில வெளியூர் எத்தனை?"

அவன் கைக்கருவியைத் தட்டினான். "நூத்தி அறுபத்தி மூணு."

"சரி. தங்க மணியைக் கழட்டி இன்னொரு குழந்தைக்குக் கட்டினா?"

"யாராவது அப்படிச் செய்வாங்களா? எதுக்கு?"

உமாராணி சொன்னாள். பிரசன்னா சிரித்துவிட்டான். "இந்தக் காலத்துலயும் புதுசு ஆகாதா மேடம்?"

"சிரிக்காம பதில் சொல்லுங்க சார்."

"தங்கம்னா ஃபைல் மூடியாச்சு. மூடின ஃபைலை மெஷின் திரும்பிப் பாக்காது. காப்பகக் கேட்டுகூட எழுதிக்காது, கதவை மட்டும் திறந்துவிடும்…" சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு முகம் வெளுத்தது. "ஐயையோ. புது மணி வெளியூர், பழைய மணி முடிஞ்சுபோன ஃபைல். அந்தக் குழந்தை எங்க பார்வையிலேயே இல்ல மேடம்."

"என் பார்வையிலயும் இல்ல," என்றாள் உமாராணி. "முன்னாடியெல்லாம் நான் ஒவ்வொரு கதவா தட்டுவேன். மணி வந்த பிறகு பட்டியல்ல பேர் வந்தாத்தான் ஊசி. சிவப்பு இல்லைன்னா நிம்மதியா உட்கார்ந்துட்டேன்."

"இப்ப என்ன செய்யறது?"

"அம்மைக் கிருமி ஒட்டினாலும் மூணு நாளைக்குள்ள ஊசி போட்டுட்டா அதை முந்திடலாம். ஆறு மாசம் தாண்டின எல்லாக் குழந்தைக்கும் போடலாம். கிருத்திக் இன்னைக்குக் காலையில ஒன்பதுக்கு வந்திருக்கான். லிஃப்ட்ல ஏறியிருக்கான். அவன் மூச்சு பட்ட காத்துல கிருமி ரெண்டு மணி நேரம் நிக்கும். அப்போ வியாழக்கிழமை காலை ஒன்பது வரைக்கும் நமக்கு நேரம்."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இருவரும் போனும் கையுமாக உட்கார்ந்தார்கள். மெஷினில் இருந்த விலாசமெல்லாம் பிரசவத்தின்போது கொடுத்த அம்மா வீட்டு விலாசம், அதனால் பிரயோஜனம் இல்லை. எண்கள் மட்டும்தான் மிச்சம். எடுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: நாங்க ஊர்ல இருக்கோம், வர மாசம் ஆகும். ஒரு பெண் தான் திருநெல்வேலியில் இருப்பதாகச் சத்தியம் செய்தாள். அவளுக்குப் பின்னால், "பதினோராவது மாடி. கதவு திறக்கிறது" என்று புதுக்கரை லிஃப்டின் குரல் கணீரென்று கேட்டது.

காப்பக ஆயாக்களைக் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் செல்லப் பெயர். குட்டிம்மா மட்டும் ஐந்து பேர்.

மண்டல அலுவலர் கஜேந்திரன் போனில் கத்தினார். "நாளைக்கு மேலிடத்துலேர்ந்து ஆள் வருது. விழா முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம். இல்லேன்னா ஒண்ணு பண்ணு. மணி விதியை மீறினா காப்பக இடம் ரத்துன்னு ஆர்டர் இருக்கே, அதை அறிவிச்சுடு. அலறியடிச்சிட்டு வருவாங்க."

"வர மாட்டாங்க சார். பயந்தா இன்னும் உள்ளதான் ஒளிஞ்சுப்பாங்க. போன் எடுத்தவங்க எல்லாம் அதுக்குப் பயந்துதான் பொய் சொல்றாங்க."

போனை வைத்தாள். எதிரே மேடையில் மைக் தயாராக இருந்தது. விழாவுக்காகப் பதினான்கு பிளாக்கிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். உமாராணி மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

"நான் உமா பேசறேன். ஊசி போடற உமா. எல்லாரும் ரெண்டு நிமிஷம் பால்கனிக்கு வாங்க." பால்கனிகளில் தலைகள் முளைத்தன. "நம்ம காப்பகத்துல ஒரு குழந்தைக்குத் தட்டம்மை வந்திருக்கு. பழைய தங்க மணி கட்டின குழந்தைங்களை மெஷின் ஊசிக்குக் கூப்பிடலை, நானும் கூப்பிடலை. அதனால அதுங்களுக்கு இப்ப எந்தக் காவலும் கிடையாது. மணியை மாத்தினதுக்கு உங்களைக் கேள்வி கேக்க எனக்கு அருகதை இல்ல. என் பையன் மணியை என் தம்பி பொண்ணுக்குக் கட்டினவ நான். தங்க மணி கட்டினா ஒண்ணும் வராதுன்னு சொன்னவளும் நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். மணி வெறும் அடையாளம்தான் தாயி, காப்பாத்தறது ஊசி. யாருக்காவது காப்பக இடம் போகும்னா அதுக்கு முன்னாடி என் வேலை போகட்டும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும் நான் இந்தப் பந்தலை விட்டு நகர மாட்டேன். குழந்தையைத் தூக்கிட்டு வாங்க."

யாரும் அசையவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகு ஈ பிளாக் படிக்கட்டிலிருந்து கௌசல்யா வந்தாள், இடுப்பில் இதழினி. நாத்தனார் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை நீட்டினாள்.

அப்போதுதான் இன்னொரு சங்கடம். பட்டியலில் பேர் இருந்தால்தான் மருந்து வைத்திருக்கும் குளிர்பெட்டி திறக்கும். இதழினி பட்டியலில் இல்லை. உமாராணி பிரசன்னாவைப் பார்த்தாள். அவன் ஒரு கணம் யோசித்தான், பிறகு தன் அடையாள அட்டையை எடுத்துப் பெட்டியின் வயிற்றில் வைத்து, பழுது பார்க்கிறவர்களுக்கான பூட்டைத் திறந்துவிட்டான். "என் பேர்ல பதிவாகும் மேடம். ஆகட்டும். நீங்க போடுங்க."

தோளில் ஊசி இறங்கியதும் இதழினி வீரிட்டாள் பாருங்கள்! மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். அந்த அலறல் பதினான்கு பிளாக்கையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கௌசல்யா தட்டிக்கொடுத்தாள். அரை நிமிஷத்தில் அழுகை நின்றது, விக்கல் வந்தது, அப்புறம் மைக்கைப் பிடித்து நக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தமும் எல்லா மாடிக்கும் போயிற்று. பால்கனிகளில் யாரோ சிரித்தார்கள். லிஃப்ட்கள் இறங்கத் தொடங்கின.

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது குழந்தைகள். அப்புறம் ஓய்ந்துவிட்டது. புதன்கிழமை காலையில் ஒருவரும் வரவில்லை. உமாராணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, ரேஷன் பையோடு போன ஒரு பெண் நின்று பேச்சுக் கொடுத்தாள். "என் பொண்ணு மணியைக்கூட பி பிளாக் ரஜியா புள்ளைக்குக் குடுத்தேன் மேடம். அதைக் கட்டின பிறகுதான் அவன் நல்லா பால் குடிக்கறானாம்." சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை பெருமை.

உமாராணி துள்ளி எழுந்தாள். அட மக்கே, இத்தனை நேரம் வாங்கினவளைத் தேடிக்கொண்டிருந்தோமே! வாங்கினவள் பயந்து மறைப்பாள். கொடுத்தவள் எதற்கு மறைக்கப் போகிறாள்? தன் பிள்ளையின் ராசியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்த தாய் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருப்பாளா? தங்கமான பிள்ளைகள் யார் யாரென்று உமாராணிக்குத் தலைகீழாகத் தெரியும். ஒவ்வொன்றையும் கடைசியாகத் தொட்டுத் தங்கமாக்கியது அவள் கைதானே.

விழாவுக்கு வைத்திருந்த ஃபிளெக்ஸ் பேனரை இறக்கி வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிக் கட்டினார்கள். ஒருபக்கம் கொடுத்த பிள்ளையின் பெயர், மறுபக்கம் வாங்கிய குழந்தை, நடுவே ஒரு கோடு. பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். "இவங்க பொண்ணு மணி பி பிளாக் ரஜியா புள்ளைக்கு. யாஸ்மின் மணி சி பிளாக் பத்தாவது மாடிக்கு, அங்கேர்ந்து அவங்க ஓரகத்தி குழந்தைக்கு." கொடுத்தவளே போய்க் கதவைத் தட்டி, "நான் குடுத்த மணிடி, நானே கூப்பிடறேன், வா" என்றால் யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? ஒரு வீட்டில் பீரோ லாக்கரிலிருந்து, ஒரு வீட்டில் அரிசி டப்பாவிலிருந்து என்று புது மணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. திருநெல்வேலிக்காரிகூடப் பதினோராவது மாடியிலிருந்து அசட்டுச் சிரிப்போடு இறங்கி வந்தாள். ஆறு மாதம் ஆகாத நாலு சிசுக்களை மட்டும் வேறு மருந்துக்காகப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

பத்து மணிக்கு மாலையும் கையுமாக வந்த கஜேந்திரன், கேடயம் வைக்க வேண்டிய மேஜையில் ஊசிகளையும் அழுகிற பிள்ளைகளையும் பார்த்துத் திகைத்து நின்றார். ஒரு பெண் தன் குழந்தையை அவர் கையில் திணித்து, "ஒரு நிமிஷம் புடிங்க சார்" என்று கை நழுவி ஓடிய மூத்ததைத் துரத்திக்கொண்டு ஓடினாள். அவர் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வார், பாவம்? மத்தியானம் வரை அவரும் பிள்ளை பிடித்தார். மேலிடத்தில் பேசி விழாவை நிறுத்தியதும் அவர்தான்.

சாயங்காலம் பேனரில் ஐம்பத்தெட்டு கோடுகள்; நூற்று அறுபத்து மூன்றில் மற்றவர்கள் நிஜமாகவே வெளியூரில் இருந்தார்கள். ஐம்பத்தேழுக்கு டிக் விழுந்துவிட்டது. கடைசிக் கோடு, பதினான்காவதான 'என்' பிளாக்கின் பதினேழாவது மாடி, பரமேஸ் வீடு. காப்பக வாசலில் நின்று மணி பார்த்து உள்ளே விடுகிற காவல்காரன்தான் பரமேஸ். அவன் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு உமாராணி மருந்துப் பையோடு பதினேழாவது மாடியில் நின்றாள். "பரமேஸ், உள்ள இருக்கீங்கன்னு தெரியும். கதவைத் திறங்க."

பரமேஸ் திறந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மணி பாக்கற வேலை மேடம் எனக்கு. என் புள்ளையே அடுத்தவன் மணியில போயிட்டிருக்குன்னு தெரிஞ்சா என்னை வெச்சிருப்பாங்களா?"

"மாத்தினதுல மொத ஆளு நான். என்னை அனுப்பிட்டுத்தான் உங்களை அனுப்புவாங்க. குழந்தையைக் கொண்டாங்க."

உள்ளேயிருந்து அவன் மனைவி மோனிஷாவின் குரல் வந்தது. "வேலைக்காக இல்ல மேடம். அவருக்காக நான் பயப்படலை." அவள் பத்து மாதப் பையனை மார்போடு இறுக்கிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றாள். "எனக்கு இவன் ரெண்டாவது. மூத்தது மூணாம் மாசம் தவறிப்போச்சு. அதுக்கு எல்லாமே புதுசா வாங்கினேன். புதுச் சட்டை, புதுத் தொட்டில், ஆஸ்பத்திரியில குடுத்த புது மணி. என் மாமியார் தலைதலையா அடிச்சிக்கிட்டாங்க, நான்தான் கேக்கலை. இவனுக்குப் பழைய மணி கட்டினேன், இவன் இருக்கான். ஊசி போட்டா அந்தப் புது மணியைக் கட்டணுமாமே? கட்ட மாட்டேன். கால்ல வேணா விழறேன், விட்டுடுங்க."

மூத்தது போனது இதயத்தில் ஓட்டை இருந்ததால் என்று உமாராணிக்குத் தெரியும். அதை இப்போது சொல்லி ஆகப்போவது என்ன? மணி எட்டு இருபது.

"மோனிஷாக்கா." பின்னாலிருந்து ஒரு குரல். கௌசல்யா! இடுப்பில் இதழினியோடு எப்போது வந்தாளோ. மூன்று நாளாக நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசாதவள். "உங்க புது மணி எங்க? எடுங்க."

மோனிஷா தயங்கித் தயங்கி ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். கௌசல்யா அதிலிருந்த மணியை எடுத்து, சட்டென்று தன் மகளின் அரைஞாணில் கோத்துவிட்டாள். உடம்புச் சூடு பட்டதும் மணி விழித்தது. விழித்ததும் சிவப்பாக எரிந்தது. மோனிஷா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எரியட்டும்," என்று கௌசல்யா குழந்தையை இறக்கிவிட்டாள்.

இதழினி தவழ்ந்தாள். சிவப்பு மணி தரையில் உரச, தாழ்வாரம் முழுக்கப் போனாள். ஒரு செருப்பைப் பிடித்துக் கடித்தாள். பிடுங்கியதும் கத்தினாள். அடுத்த செருப்புக்குக் கிளம்பினாள். நாலு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உமாராணி கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டாள்.

கால் மணி நேரம் ஆனதும் கௌசல்யா மகளைத் தூக்கி மணியை அவிழ்த்தாள். "இந்தாங்கக்கா. என் பொண்ணு போட்டு அவுத்தது. ஊசி போட்டு ரெண்டு நாள் ஆச்சு, செருப்பைத் தின்னுக்கிட்டு இருக்கா. இதுக்கு மேல ராசி வேணுமா? இப்ப இது புதுசு இல்ல. இதையும் கட்டுங்க, அந்தத் தங்க மணியும் கூடவே இருக்கட்டும். யாரும் கழட்டச் சொல்லலை."

மோனிஷா மணியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அதில் இதழினியின் எச்சில் ஒட்டியிருந்தது. அழுகையும் சிரிப்புமாக அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பையனின் தோளைத் திருப்பிக் காட்டினாள்.

ஊசி இறங்கியபோது மணி எட்டு நாற்பத்தைந்து. விட்டுப்போன மற்ற ஊசியில் முதல் தவணையைத் தொடையில் போட்டு, புது மணியைப் பையனுக்குக் கட்டிக் கருவியால் தொட்டாள் உமாராணி. சிவப்பு அணைந்தது, பச்சை வந்தது. பரமேஸ் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கௌசல்யா முதல்முறையாக நாத்தனாரின் முகத்தைப் பார்த்து, "வாங்க அண்ணி, நம்ம வீட்டுல இட்லி இருக்கு" என்றாள். உமாராணி லிஃப்டில் இறங்கி வெளியே வந்தபோது பந்தலில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். ஐம்பத்தெட்டாவது டிக்கைப் பிரசன்னா போட்டான். பால்கனிகளிலிருந்து எழுந்த விசிலும் கைதட்டலும் கடல் வரை கேட்டிருக்கும்.

மூன்று வாரம் காத்திருந்தார்கள். ஐம்பத்தெட்டில் ஒன்றுக்குக்கூடத் தடிப்பு வரவில்லை. சிசுக்கள் நாலும் சுகம். கிருத்திக் இளைத்துப்போய்த் திரும்பி வந்தான், வந்த அன்றே காப்பகத்தில் இரண்டு பேரைக் கடித்தான். கேடயம் வேறெங்கோ போயிற்று. உமாராணிக்கு வந்தது விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அவள் ஒன்றையும் மறைக்காமல் நாலு பக்கம் எழுதினாள், புதுசு ஏன் ஆகாது என்பது உட்பட. கஜேந்திரன் அடியில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். பிரசன்னா தன் பங்குக்கு ஒரு பக்கம் சேர்த்தான். மெஷினுக்குச் சில விதிகள் மாறின. தங்க மணியைக் கேட் இப்போது எழுதிக்கொள்கிறது. சிவப்பு மணிக்கும் கதவு திறக்கிறது, திறந்துவிட்டு உமாராணிக்குப் போன் அடிக்கிறது.

ஆனால் பெரிய மாற்றம் அதுவல்ல. இப்போதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வரும் புது மணிகள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. முதலில் புதுக்கரைக் காப்பகத்துக்கு வருகின்றன. ஊசி வேளைக்குப் போட்ட பிள்ளைகள் ஒவ்வொருவர் அரைஞாணிலும் பத்துப் பத்தாகக் கோத்துவிடுவார்கள். நாள் முழுக்க அதுகள் கலகலவென்று ஆடித் தீர்க்கும். சாயங்காலம் அவிழ்த்துச் சுத்தம் செய்து, போட்ட பிள்ளையின் பெயரை எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். எந்தத் தாயும் இப்போது அதை அஞ்சறைப் பெட்டியில் வைப்பதில்லை.

ஒரு புதன்கிழமை பிரசன்னா காப்பகத்துக்கு வந்தான். எதையோ சொல்ல வந்தவன் போல அங்குமிங்கும் பார்த்தான்.

"என்ன சார், மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"அதெல்லாம் இல்ல மேடம். வீட்டுல மாசமா இருக்காங்க. பங்குனியில பிறக்கும். ஒரு மணி வேணும். அந்த மோனிஷாம்மா பையன் போட்டதுல ஒண்ணு குடுத்தா…"

"நீங்க செஞ்ச மணி சார் அது! உங்க ஆபீஸ்லயே பளபளன்னு புதுசா ஒண்ணு எடுத்துக்க வேண்டியதுதானே?"

பிரசன்னா நெளிந்தான்.

"பிறந்த புள்ளைக்குப் புதுசு போடுவாங்களா மேடம்?"